சட்டைப்பையில் இருந்த சொல்

ஏணியின் முதல் படியில் இடது காலை வைத்தாயிற்று. வலது கால்தான் தரையை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. கொக்கு இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் நோட்டம் விட்டான். திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணி. தலைக்கு மேல் நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில், டவர் கிரேனின் கழுத்தோரம், அவன் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் கூண்டு. அங்கே போய்ச் சேர இரும்புக் கோபுரத்துக்குள்ளேயே செங்குத்தான ஏணி. மூன்று மீட்டருக்கு ஒரு தட்டு, மொத்தம் பதினைந்து தட்டு. ஒன்பது வருடமாகச் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி அவன் ஏறிப்போன வழிதான்.

"என்ன கொக்கு, ஒத்தக்கால்ல தவமா?" என்று கேட்டுக்கொண்டே போனார் வெல்டர்.

கிரேன் என்ற சொல்லுக்குக் கொக்கு என்றும் ஒரு பொருள் இருப்பதை எந்தப் புண்ணியவானோ எப்போதோ இந்தக் கட்டடத்து ஆட்களிடம் சொல்லிவைத்துவிட்டான். ஆள் நெட்டை, கழுத்தும் நீளம். அப்புறம் கேட்க வேண்டுமா? ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோயிற்று. மற்ற நாளாக இருந்தால் வெல்டருக்குச் சுடச்சுட ஒரு பதில் போயிருக்கும். இன்று "லேஸ் கட்டுறேன்ணே" என்று முனகினான். அவன் போட்டிருந்த பூட்ஸில் லேஸே கிடையாது.

சட்டைப்பையில் நாலாக மடித்த துண்டுத்தாள் ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு சொல். நாலு வாரமாக அவனை ஆட்டிப்படைத்துக்கொண்டிருப்பது அந்தச் சொல்தான். இறங்கும்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். தினமும் ஏறுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு மனிதனிடம், செபத்தின் நடுவே, கடவுள் வந்து "இறங்கும்" என்கிறார். அவன் எப்படி ஏறுவான்?

ஆனால் பயம் அந்தச் சொல்லோடு தொடங்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் கொக்குவுக்கு ரொம்ப நல்ல பெயர் கிடைத்துவிடும், அது நியாயமில்லை.

அப்போது கீழே சிக்னல்மேனாக இருந்தவர் அவனுடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கட்டடம் வளர வளர, சுமை போய் உட்காரும் இடம் சுவர்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். மேலே இருப்பவனுக்குக் கொக்கியும் கயிறும்தான் தெரியும். கீழே நிற்கும் சிக்னல்மேன்தான் அவனுக்குக் கண். வாக்கிடாக்கியில் அவர் சொல்வது வேதவாக்கு: ஏத்து, இறக்கு, இடப்பக்கம், நிறுத்து. நாலைந்து சொற்களுக்குள் ஆறு வருடம் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிவிட்டார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. "இறக்க..." என்று மச்சானின் குரல் வந்தது. மீதியைக் கரகரப்பு விழுங்கிவிட்டது. பாதி கேட்டால் கையை எடு, மறுபடி கேள் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். கொக்குவுக்குப் பசி. இறக்கினான். மச்சான் சொன்னது "இறக்காத." கம்பிக் கட்டின் வால் சாரத்தில் இடித்துப் பலகை நழுவியது, அதன்மேல் நின்று கான்கிரீட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த சென்ட்ரிங் ஆள் ஒரு மாடி கீழே போய் விழுந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடை எலும்பு இரண்டாகிவிட்டது.

இன்ஜினியர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி விசாரித்தார்.

"உனக்கு என்னய்யா கேட்டுச்சு?"

"இறக்குன்னு கேட்டுச்சு சார்" என்றான் கொக்கு.

"மாப்ளே, நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் அப்படியா சொன்னேன்?" என்றார் மச்சான்.

"நீ சும்மா இருய்யா. உன்ன யாரு கேட்டா?" என்று இன்ஜினியர் அதட்டினார். மச்சான் சும்மா இருக்கவில்லை. முன்னைவிடச் சத்தமாக, குரல் உடைய, "மாப்ளே! ஒரு வார்த்தை சொல்லுய்யா!" என்று கத்தினார். அத்தனை பேர் முன்னால். கொக்கு அப்போது தன் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அந்த வாரில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை. ஒரு மனிதன் கோழையாக இருப்பதற்கு இவ்வளவு நுணுக்கமான வேலைகள் இருக்கின்றன.

மச்சான் அன்றே வெளியே போனார். வேலை கேட்ட இடத்திலெல்லாம் சேதி அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. எந்தக் கட்டடத்திலும் சேர்க்கவில்லை. கொக்கு மறுநாள் காலை ஏறினான். எட்டாவது தட்டில் ஏனோ கீழே பார்த்தான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஏணியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டான்.

அவன் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடையில் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பவள் அவள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு மணிக்கணக்காகப் பேசாமல் இருக்கும் பழக்கம் உண்டு. வீட்டிலும் அப்படியே இருந்தாள். கணவன் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவதைப் பத்து நாள் பார்த்துவிட்டு, "ஒண்ணு என்கிட்ட பேசுங்க. இல்லன்னா வியாழக்கிழமை செபத்துக்கு என்கூட வந்து அங்கயாவது சும்மா உக்காருங்க" என்றாள். பேசுவதைவிடச் சும்மா உட்காருவது சுலபம் என்று அவன் நினைத்தான். எவ்வளவு தப்பு.

கோவிலுக்குப் பின்னால், உபரி நாற்காலிகளை அடுக்கிவைக்கும் அறையில், சாயங்காலம் ஆறரை மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். நடத்துபவர் ஒரு பல் டாக்டரம்மா. பகலெல்லாம் ஊர் மக்களை வாயைத் திறக்கச் சொல்பவர், இங்கே வந்தால் மூடச் சொல்வார். வேதாகமத்திலிருந்து ஒரு சின்னப் பகுதி, ஐந்தாறு வரிதான். அதை நிதானமாக மூன்று தடவை வாசிப்பார். நடுநடுவே நீண்ட மௌனம். "எந்தச் சொல் உங்களப் புடிச்சு நிறுத்துதோ, அங்கயே நின்னுடுங்க. விளக்கம் தேடாதீங்க. நல்லா மெல்லுங்க, முழுங்கிடாதீங்க" என்பார். பல் டாக்டர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். கடைசியில் ஒவ்வொருவரும் தம்மைப் பிடித்த சொல்லை மட்டும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வார்கள். வேறு பேச்சு கிடையாது. அந்தச் சொல்லை, கூட்டத்துக்கு வரும் மருந்துக் கடைக்காரர் ஒருவர் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். வாரம் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டரம்மாவே எழுதினால் அதை அந்த மருந்துக் கடைக்காரரைத் தவிர எவராலும் வாசிக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. "ஒரு எழுத்து மாறிச்சுன்னா ஆளே காலி" என்று தொழில்முறையில் சொல்லிக்கொண்டே அவர் அச்சடித்தாற்போல் எழுதுவார்.

முதல் வியாழக்கிழமை கொக்கு வேலை முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. மனைவி முன்பே வந்து உள்ளே இருந்தாள். அவன் வராந்தாவில் குனிந்து பூட்ஸைக் கழற்றும்போது மூன்றாவது வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் எதுவும் தெளிவாகக் காதில் விழவில்லை. திடீரென்று டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. ஒரு சொல் மட்டும், கதவிடுக்கு வழியாக, நேரே அவன் பிடரியில் வந்து விழுந்தது. இறங்கும்.

பூட்ஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். உள்ளே போய் உட்கார்ந்து, மௌனம் முடிந்து, தன் முறை வந்தபோது அவன் சொன்னது அதைத்தான். சொன்னதும் எதிரே இருந்த மனைவி சட்டென்று தலை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதம் கழித்து அவள் அவனை முகத்துக்கு நேரே பார்த்தது அப்போதுதான். அவள் கண் கலங்கியிருந்தது. இவளுக்கும் புரிந்துவிட்டது, எனக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று இவளும் பயப்படுகிறாள் என்று கொக்கு நினைத்துக்கொண்டான். மருந்துக் கடைக்காரர் கொடுத்த தாளைப் பிரிக்கக்கூட இல்லை. தெரிந்த சொல்தானே. மடித்தபடியே பையில் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பி மென்றான். மெல்ல மெல்லப் பயம்தான் ஊறியது. "இறங்கு" என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, "இறங்கும்" என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறாரே என்று கலங்கினான். இன்ஜினியர் யாரையாவது "வாங்க, போங்க" என்று பேசினால் அன்றோடு அவனுக்கு வேலை இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கடவுளே மரியாதை கொடுக்கிறார் என்றால் சங்கதி எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்? மூன்றாம் நாள் குளிக்கும்போது இன்னொன்று தோன்றி, தலையில் ஊற்றிய தண்ணீர் தணலாகிவிட்டது. அது கட்டளையே இல்லையோ? நடக்கப்போவதைச் சொல்கிறாரோ? இறங்கும். கிரேன் இறங்கும். அவனையும் சேர்த்துக்கொண்டு, நாற்பத்தைந்து மீட்டரும், ஒரே மூச்சில்.

அந்த வாரம் மூன்று தடவை மெக்கானிக்கை மேலே வரவழைத்தான். போல்ட், கயிறு, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு, "கிரேன் கல்லு மாதிரி இருக்கு. நீதான் லூசா இருக்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அந்த "இறங்கி"கூடக் கொக்குவின் காதில் உறைத்தது. அதற்கப்புறம் காற்றில் கூண்டு லேசாக ஆடினாலும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பான். தாள் அங்கேயே இருக்கும், மடித்தது மடித்தபடி.

மற்ற வியாழக்கிழமைகளில் வேறு வேறு பகுதிகளை வாசித்தார்கள். கொக்குவைப் பழைய சொல்தான் பிடித்திருந்தது. பிடி விடாத சொல்லை மாற்ற வேண்டாம் என்பது அங்கே வழக்கம். அவனும் வாராவாரம் அதையே சொன்னான், பையில் தாளும் பழையதே. ஒருநாள் எல்லோரும் போன பிறகு டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஒரு சொல் ரொம்ப பயமுறுத்துச்சுன்னா என்ன பண்றது டாக்டர்?"

"ஓடாதீங்க. ஆனா நீங்களா அதுக்கு வாலும் தலையும் ஒட்டாதீங்க. அது எந்த இடத்துலேர்ந்து வந்துச்சோ அங்க திரும்பிப் போய்ப் பாருங்க. அத யாரு சொல்றாங்க, யாருகிட்ட சொல்றாங்க?"

யார் சொல்கிறார் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதனால் திரும்பிப் போய்ப் பார்க்கவும் இல்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தானாகவே வாயைத் திறந்தாள்.

"வாராவாரம் எல்லார் முன்னாடியும் அந்தச் சொல்லச் சொல்றீங்க. சொல்லிட்டு எப்படிச் சும்மா இருக்க முடியுது உங்களால?"

"சும்மா இல்ல. பயந்து சாவுறேன்."

"பயந்தா? சொன்னதச் செய்ய வேண்டியதுதான?"

"செஞ்சா வேலை போயிடும்."

"போகட்டும். நான் தைக்கிறேன்ல, கஞ்சி குடிச்சுக்கலாம். நாலு வாரமா நீங்க அதைச் சொல்றப்பல்லாம், நாளைக்காவது செய்வீங்க, நாளைக்காவது செய்வீங்கன்னு பாக்குறேன். மறுநாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி விடியக்காலம் எழுந்து மேல ஏறிடுறீங்க. அந்தச் சொல்ல வாயில வச்சுக்கிட்டு இப்படி இருக்குறதுக்கு, கோவிலுக்கே வராம இருக்கலாம்."

இவளே இறங்கச் சொல்கிறாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது. "ஒரு மாசம் பொறு" என்று மட்டும் சொன்னான். அவள் சட்டையை மடித்து வைத்த வேகத்தில் பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது.

இப்படியெல்லாம் நடந்த பிறகுதான் இந்தத் திங்கட்கிழமை காலை ஏணிக்குக் கீழே நின்றான். கடைசியில் ஏறினான். பயத்தைவிடப் பழக்கம் பலசாலி. படிக்கு ஒரு முறை மூச்சு வாங்கி, தட்டுக்குத் தட்டு உட்கார்ந்து, ஏழு நிமிட ஏணிக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போய் விழுந்தான். உள்ளங்கை வியர்த்து, நெம்புகோலில் ஒட்டியது.

பத்தரை மணிக்குக் கம்பிக் கட்டு ஏறியது. அதே மாதிரிக் கட்டு, அதே பக்கத்துச் சுவர். காற்று எழும்பியிருந்தது, கட்டின் வால் ஒரு பக்கமாக இழுத்தது. சுவருக்குப் பின்னால் ஏழாவது மாடியில் நாலு பேர் நிற்கிறார்கள் என்று புது சிக்னல்மேன் சொல்லியிருந்தான். அவர்களில் ஒருவர் தலைகூட மேலிருந்து தெரியவில்லை. கொக்கு கட்டை அவர்கள் மேலே கொண்டுபோய் நிறுத்தினான். வாக்கிடாக்கி கரகரத்தது.

"இற..."

அதோடு நின்றுவிட்டது.

கொக்கு உறைந்துபோனான். இறக்கவா? இறக்காதேயா? இறங்கவா? கை நெம்புகோலில் இருந்தது, ஆனால் அது வேறு யாருடைய கையோ போல இருந்தது. கண்ணாடிக்கு வெளியே வானம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி வந்தது. இதோ, வந்துவிட்டது என்று நினைத்தான். பிரேக்கைப் பூட்டினான். கட்டு அந்தரத்தில் தொங்கியது. மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சாகும்போது செபம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு செபமும் வாயில் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான். வியர்வையில் நனைந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த தாளை நாலு வாரத்தில் முதல் தடவையாகப் பிரித்தான்.

இரங்கும்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. உயிர் போகிற நேரத்தில் எழுத்துப் பிழை. சின்ன ர போட்டிருக்கிறார், பெரிய ற அல்லவா போட வேண்டும்? அப்புறம்தான் எழுதியது யார் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு எழுத்து மாறினால் ஆளே காலி என்று சொல்கிற மனிதர். சொல்லுக்குக் கீழே, அது வந்த இடத்தையும் அவர் பொடி எழுத்தில் குறித்திருந்தார்: வழியோரத்துக் குருடர் கத்தியது.

கொக்குவுக்கு அந்தக் கதை சின்ன வயதிலிருந்தே தெரியும். வழியோரம் உட்கார்ந்திருக்கும் பார்வையற்ற மனிதர். அந்த வழியே ஆண்டவர் போகிறார். எனக்கு இரங்கும், இரக்கம் காட்டும் என்று அவர் கத்துகிறார். சும்மா இரு என்று சுற்றி இருப்பவர்கள் அதட்டுகிறார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. முன்னைவிடச் சத்தமாகக் கத்துகிறார். ஆண்டவர் நின்றுவிடுகிறார்.

நாலு வாரமாக மேலேயிருந்து தனக்கு வந்த கட்டளை என்று நினைத்தானே, அது மேலேயிருந்து வரவே இல்லை. கீழேயிருந்து ஒரு மனிதன் மேலே பார்த்துக் கத்தியது. மேலே இருந்தவன் யார்? மாப்ளே, ஒரு வார்த்தை சொல்லுய்யா என்று கத்தியபோது காதை மூடிக்கொண்டு ஹெல்மெட் வாரைத் திருகியவன் யார்? வாராவாரம் எல்லோர் முன்னாலும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு மறுநாள் ஏறிப்போனவன் யார்? மனைவி எதைச் செய்யச் சொன்னாள் என்பது இப்போதுதான் விளங்கியது. இதுவரை பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று ஆகிவிட்டது. கிரேன் விழுந்தால் ஒரே அடியாகப் போய்விடலாம். இதற்கு உயிரோடு இறங்கிப் போய் அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அண்ணே! கேக்குதா? ஏண்ணே நிறுத்திட்டீங்க?" வாக்கிடாக்கியில் புது சிக்னல்மேன் கத்தினான்.

"பாதிதான் கேட்டுச்சு. முழுசாச் சொல்லு."

"இறக்குங்கண்ணே, இறக்குங்க. எல்லாரும் தள்ளி நிக்கிறாங்க."

"திருப்பிச் சொல்லு."

"இறக்குங்க!"

அங்குலம் அங்குலமாக இறக்கினான். கட்டு ஏழாவது மாடித் தளத்தில் உட்கார்ந்து கயிறு தளர்ந்த பிறகு பேசும் பொத்தானை அழுத்தினான். அந்த அலைவரிசையில் எல்லோரும் இருந்தார்கள்: வெல்டர், மெக்கானிக், இன்ஜினியர், எல்லோரும்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு சென்ட்ரிங் ஆள் விழுந்தப்ப, மச்சான் இறக்குன்னு சொல்லல. இறக்காதன்னு சொன்னாரு. எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. கேக்காத பாதிய நானே போட்டுக்கிட்டேன். அப்புறம் பொய் சொன்னேன்."

பொத்தானை விட்டான். வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து இன்ஜினியரின் குரல் வந்தது.

"நீங்க கீழ இறங்கி வாங்க."

வாங்க என்றார். கொக்குவுக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். பதினைந்து தட்டு. ஒவ்வொன்றாக இறங்கினான்.

மச்சான் இப்போது ஒரு கடைவளாகத்துக் கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறார் என்று மனைவி யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்திருந்தது. தரைக்கு அடியில் இரண்டு தளம் கீழே. சரிவில் நடந்து இறங்க இறங்க வெளிச்சம் குறைந்து, புகை நாற்றம் மூக்கில் ஏறியது. நாற்பத்தைந்து மீட்டர் உயரத்துக்குச் சுமை ஏற்றி இறக்க வழி சொன்ன மனிதர், ஒளிரும் பச்சை மேல்சட்டையும் வாயில் விசிலுமாக, ஒரு சின்னக் காரைத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே பின்னுக்கு வரவைத்துக்கொண்டிருந்தார். "வரலாம், வரலாம், ஒடிச்சு வாங்க." அவர் கையசைவு மாறவே இல்லை. கொக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே, இருபக்கமும் பாராமல், அவரை நோக்கி நடந்தான்.

"நில்லு!"

கொக்கு நின்றான். பாதி எடுத்துவைத்த கால் அப்படியே நின்றது. பின்னுக்கு வந்த இன்னொரு வண்டியின் முதுகு அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் குலுங்கி நின்றது.

மச்சான் விசிலை வாயிலிருந்து எடுத்தார். வந்து எதிரே நின்றார். முகத்தில் துளிச் சிரிப்பில்லை.

"இன்னைக்கு மட்டும் காது நல்லாக் கேக்குதோ?"

கொக்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்று உண்டு. அது வந்த வழியிலேயே சிந்திப்போயிற்று. நாலு வாரமாக மென்ற சொல் ஒன்றுதான் வாயில் மிச்சம் இருந்தது.

"இரங்கும், மச்சான்" என்றான்.

மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"இறங்கணுமா? இதுவே ரெண்டாவது பேஸ்மெண்ட்டு மாப்ளே. இதுக்குக் கீழ என்னைய எங்க இறங்கச் சொல்ற?"

மறுபடி சொன்னாலும் காதில் அதேதான் விழும். கொக்கு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். மச்சான் அதை வாங்கி, தூணில் இருந்த குழல்விளக்கின் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஒரே ஒரு சொல்லை வாசிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

"சின்ன ர-வா" என்றார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மச்சான். வாக்கிடாக்கில. நீங்க இறக்காதன்னுதான் சொன்னீங்கன்னு."

சரிவில் அடுத்த கார் விளக்குப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தது. ஓட்டுநர் பொறுமையில்லாமல் ஒலியெழுப்பினார். மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை முதலில் இருந்த மடிப்பிலேயே நாலாக மடித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை, பச்சை மேல்சட்டைக்கு உள்ளே கைவிட்டுத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கொக்குவின் சட்டைக் கையைப் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளினார்.

"இங்கயே நில்லு. நான் சொல்ற வரைக்கும் நகராத" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

கொக்கு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றான்.